கர்ப்பகால வருத்தத்துக்கு எடுத்த லீவைப் பிரசவ லீவில் கழிக்க விடாதீர்கள்

தருமபுரத்தில் காலை பஸ் ஏறினால் பரந்தன் சந்தி வருவதற்குள் இரண்டு தடவை சத்தி எடுத்துவிடுவேன். ஷொப்பிங் பை ஒன்று எப்போதும் மடியில். அப்போது எனக்கு மூன்றாம் மாதம், கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பக்கம் வேலை, சேர்ந்து நாலு வருடம். தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் போனதால் ஆஸ்பத்திரியில் மறித்து நாலு நாள் சேலைன் ஏற்றினார்கள், பிறகும் வீட்டில் படுக்கைதான், கஷுவல் லீவு (அமைய லீவு) ஏழும் போய் அதற்கு மேல் 11 நாளும் போய்விட்டது. திரும்பிப் போன அன்று மனேஜர் கூப்பிட்டு மிகவும் அன்பாகச் சொன்னார்: “யோசிக்காதீங்கோ தங்கச்சி, அந்தப் 11 நாளையும் பிரசவ லீவில கழிச்சு விடுவம், உங்களுக்கும் சம்பளம் வெட்டுப்படாது.” நானும் நன்றி சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

பிள்ளை பிறந்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். பிரசவ லீவு 84 நாள் 73 ஆகியிருந்தது. கணக்குப் பகுதியில் இருக்கிற எனக்கே இந்தக் கதி. அதைவிடக் கோபம் என்னவென்றால், அந்த வருடத்து ஆண்டு லீவு 14 நாளும் தொடாமல் அப்படியே கிடந்தது, அதில் கழித்திருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது. இரண்டு உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரசவ லீவு. மற்றது நீங்கள் சுகமில்லாமல் இருந்தால் எடுக்கிற லீவு. கர்ப்பத்தால் வந்த வருத்தம், அது சத்தியோ பிரஷரோ சீனி வருத்தமோ இரத்தப்போக்கோ எதுவானாலும், பிள்ளை பிறக்கும்வரை இரண்டாவது உண்டியலில் இருந்துதான் எடுபட வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் பிரசவ லீவை மற்ற லீவுகளுக்கு மேலதிகமாகத்தான் தருகிறது. ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுக் கழிப்பதற்கு அதில் இடமில்லை.

முதலில் நீங்கள் எந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள் என்று பாருங்கள்

எங்கள் ஊரில் பெண்கள் பார்க்கிற வேலைகள் பலவிதம். வங்கி, லீசிங் கம்பனி, சுப்பர் மார்க்கெட், புடவைக்கடை, பாமசி, தனியார் அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். ஆடைத் தொழிற்சாலை (எல்லோரும் ‘காமென்ட்ஸ்’ என்கிறோம்) என்றால் லீவு விஷயம் 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்திலும், பிரசவ விஷயம் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது. பாடசாலை, பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி என்று அரச வேலை பார்ப்பவர்களுக்குத் தாபன விதிக்கோவை. எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அதிலும் இல்லாவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம், கேட்பதற்குக் காசு இல்லை.

இனி ஒரு கசப்பான விஷயம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் ‘சுகயீன லீவு’ என்று தனியாக இத்தனை நாள் என்று எழுதப்படவில்லை. வருடத்துக்கு 7 நாள் கஷுவல் லீவு இருக்கிறது, சொந்த வேலைக்கும் சுகயீனத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாக இருந்தால் அதுகூட முழுதாக இல்லை, முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். ஆண்டு லீவு 14 நாள், ஆனால் இரண்டாவது வருடத்தில் எத்தனை கிடைக்கும் என்பது முதல் வருடம் எப்போது சேர்ந்தீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4. சில நிறுவனங்கள் நியமனக் கடிதத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ இதற்கு மேல் சுகயீன லீவு தருவதாக எழுதியிருப்பார்கள், அப்படி எழுதியிருந்தால் அது உங்கள் உரிமை, கட்டாயம் தேடிப் பாருங்கள். என் கடிதத்தில் இருக்கவில்லை.

காமென்ட்ஸ் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். சம்பளச் சபைச் சட்டத்தில் ஆண்டு லீவு இருக்கிறது, கஷுவல் லீவு பொதுவாக இல்லை. கம்பனி தன் விருப்பத்தில் தருவதுதான். லைனில் நாள் முழுக்க நிற்கிற அல்லது மெஷினில் குனிந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு நாலாம் மாதத்தில் இடுப்பு விட்டுப்போனால், ஆண்டு லீவு முடிந்த பிறகு சம்பளமில்லாத லீவுதான் கதி. வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து போகும்.

இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்கச் சமவாயத்தில், கர்ப்பத்தால் வந்த நோய் என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் பிரசவத்துக்கு முன் மேலதிக லீவு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தனியார் துறைக்கான சட்டங்களில் அந்த மேலதிக நாளைத் தேடினால் கிடைக்காது. கையெழுத்து வைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

அப்படியானால் சட்டம் என்னதான் தருகிறது?

வேலையைக் காப்பாற்றித் தருகிறது. இதைப் பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பம், பிரசவம், இவை இரண்டின் விளைவாக வந்த நோய், இந்த மூன்றில் ஒன்றை மட்டும் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையால் நிறுத்தக்கூடாது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலும் இருக்கிறது, மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலும் இருக்கிறது. சம்பளமுள்ள நாள் தீர்ந்துபோய் நீங்கள் சம்பளமில்லாமல் வீட்டில் படுத்திருந்தாலும் இந்தக் காப்பு தீர்ந்துபோவதில்லை. ‘இவ எந்த நாளும் வருத்தம், வேறை ஆளை எடுப்பம்’ என்ற பேச்சு சட்டப்படி செல்லாது.

ஆனால் இந்தக் காப்பு வேலை செய்வதற்கு, உங்கள் வருத்தம் கர்ப்பத்தால் வந்தது என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். அதற்குத்தான் மெடிக்கல், அதாவது வைத்தியச் சான்றிதழ்.

மெடிக்கலில் அந்த ஒரு வரி

எனக்குத் தனியார் கிளினிக்கில் முதலில் தந்த துண்டில் ‘வாந்தி, மூன்று நாள் ஓய்வு’ என்று மட்டும் இருந்தது. அதைப் பார்க்கிறவர் நான் ஏதோ பழுதான சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் நினைப்பார். பிறகு ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டில் எத்தனை வாரக் கர்ப்பம், அதனால் வந்த கடும் வாந்தி, எந்தத் திகதி மறித்தது, எப்போது விட்டது எல்லாம் தெளிவாக இருந்தது. பின்னால் எனக்குக் கை கொடுத்தது அந்தக் கார்ட்தான்.

எனவே மெடிக்கல் எழுதும்போது வைத்தியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “டொக்டர், இது கர்ப்பத்தால வந்ததெண்டும், எத்தனையாம் வாரமெண்டும் எழுதி விடுங்கோ.” உண்மையாக அப்படியிருந்தால் எழுதுவார்கள், எழுதாமல் விடுவது பெரும்பாலும் அவசரத்தில்தான். பிரஷர் கூடி ஓய்வு எடுக்கச் சொன்னால் பிரஷர் என்று மட்டும் இல்லாமல் கர்ப்பகால உயர் குருதி அழுத்தம் என்று இருக்க வேண்டும். சீனியும் அப்படித்தான். இரத்தப்போக்கு என்றால் கரு தங்குமோ என்ற பயத்தில் ஓய்வு சொன்னது என்பது இருக்க வேண்டும். திகதி இரண்டும், தொடங்கியதும் முடிந்ததும், தெளிவாக இருக்கட்டும். பொய் எழுதக் கேட்காதீர்கள், டெங்கு வந்தால் டெங்குதான்.

கிளினிக் கொப்பியை வெறும் ஊசிக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்று சொல்கிறவர், மெடிக்கல் தர முடியாது. ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் பதிகிற பிரஷர், நிறை, கால்வீக்கம் எல்லாம் திகதியோடு இருக்கிற சாட்சி. கொப்பியின் அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ காட்டி அங்கிருந்து கிளிநொச்சிக்கோ மாஞ்சோலைக்கோ வவுனியாவுக்கோ அனுப்பினால், அனுப்பிய கடிதத்தைக் கொடுக்குமுன் அதையும் ஒரு படம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு துண்டு என்று சிதறிப்போவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

சாதாரண கிளினிக் நாளுக்கென்று தனியார் துறையில் தனி லீவு இல்லை. விசுவமடுவிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ போகிறவருக்குக் கிளினிக் என்றால் ஒரு முழு நாள், வரிசை, ஸ்கான், பிறகு பஸ்ஸுக்குக் காத்திருப்பது. இதற்கெல்லாம் கஷுவல் லீவைக் கொடுத்து முடித்தால், உண்மையில் விழுந்து படுக்கும்போது கையில் ஒன்றும் இராது. அரை நாள் லீவாகக் கேளுங்கள், அல்லது பிந்தி வந்து பிந்திப் போகக் கேளுங்கள். பல இடங்களில் வாயால் கேட்டாலே தருவார்கள்.

லீவு எடுக்கிற ஒழுங்கு

அன்றைக்கே அறிவியுங்கள். ஃபோனில் சொன்னாலும் பின்னால் ஒரு குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ போடுங்கள், திகதியும் நேரமும் தானாகப் பதிந்திருக்கும். சொல்லாமல் நிற்பதுதான் முதலாளிமாருக்குக் கிடைக்கிற மிக இலேசான பிடி, ‘தானாக வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்று கடிதம் அடித்துவிடலாம். வார்டில் இருந்தால் வீட்டுக்காரரோ அம்மாவோ அறிவித்தாலும் போதும்.

முதலில் கஷுவல், அது முடிந்ததும் ஆண்டு லீவு, அதுவும் முடிந்தால் சம்பளமில்லாத லீவுக்கு எழுத்தில் அனுமதி. இந்த ஒழுங்கைக் குழப்பாதீர்கள். வருத்தம் மார்கழியில் தொடங்கித் தைக்கும் நீண்டால், கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள், புது வருடத்துக்குரிய ஏழு நாள் வந்துவிடும். நான் கொடுத்திருக்க வேண்டிய கடிதம் இப்படித்தான் இருந்திருக்கும், வேண்டுமானால் திகதியை மாற்றிப் பாவியுங்கள்:

“ஐயா / அம்மணி, நான் தற்போது 13 வாரக் கர்ப்பிணி. கர்ப்பத்தின் விளைவாக ஏற்பட்ட கடும் வாந்தி காரணமாக மார்ச் 3 முதல் மார்ச் 20 வரை வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் சான்றிதழின் பிரதியை இணைத்துள்ளேன். இந்நாட்களில் எனது அமைய லீவு 7 நாளையும் கழித்து, மிகுதியை ஆண்டு லீவில் கழிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றை எனது மகப்பேற்று லீவில் கழிப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை.”

கடைசி வசனம் கொஞ்சம் முறைப்பாகத் தெரியும். தெரியட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘கிடைத்தது’ என்று கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால் பதிவுத் தபால், அந்தச் சிட்டையைத் தொலைக்காதீர்கள்.

வேலையின் தன்மையையும் பேசலாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள், பாரமான கவசமும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு வெயிலில் முழங்காலில் இருப்பது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிரசவத்தை நெருங்கும் மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் தரும் வேலையில் விடக்கூடாது என்கிறது. வைத்தியரிடம் ‘நிற்க முடியாது, பாரம் தூக்க முடியாது’ என்று எழுத்தில் வாங்கிக் கொடுத்து வேலையை மாற்றிக் கேட்டால், லீவே எடுக்காமல் சமாளிக்கிற வழியும் வரலாம். எங்கள் கடைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு கதிரை கிடைத்தாலே பாதி வருத்தம் போய்விடும், அதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பிரசவ லீவின் கணக்கு

2018இல் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் திருத்தப்பட்டன. அதற்கு முன் மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள்தான், இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். பிரசவ நாளையும் சேர்த்து முன்னால் 14, பின்னால் 70. கடை, அலுவலக ஊழியருக்கு முழுச் சம்பளம், அதோடு வாராந்த விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறை இவை எண்ணப்படா, ஆகவே நாட்காட்டியில் மூன்று மாதத்தைத் தாண்டும். மகப்பேற்று நன்மைச் சட்டத்துக்குள் வரும் காமென்ட்ஸ் போன்ற இடங்களில் இடையில் வரும் விடுமுறைகளும் 84க்குள்ளேயே அடங்கும், நாட்சம்பளக்காரருக்குக் கொடுப்பனவு சம்பளத்தின் ஏழில் ஆறு பங்குக்குக் குறையக்கூடாது, அதைப் பெற முந்தைய ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும்.

பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால் 42 நாள். இதை எழுதவே கை வருகுதில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் சட்டம் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், வேலைத்தளத்தில் ‘பிள்ளை இல்லைத்தானே, எப்ப வாறியள்’ என்று கேட்பார்கள். ஆரம்ப மாதங்களில் கரு கலைந்தால் சட்டக் கணக்கில் அது பிரசவம் இல்லை, கஷுவலும் ஆண்டு லீவும்தான். அங்கும் மெடிக்கலில் காரணம் எழுதியிருக்கட்டும். கர்ப்பத்தால் வந்த நோய்க்கான காப்பு அப்போதும் உங்களுக்குத்தான்.

பிரசவத்துக்குப் பிறகு வருகிற வருத்தம் வேறு. சிசேரியன் புண் ஆறாமல் சீழ் வைக்கலாம், மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரலாம், அல்லது ஒன்றுமில்லாமல் இருந்து இருந்து அழுகை வரலாம். கடைசியாகச் சொன்னதை எங்கள் வீடுகளில் ஒரு வருத்தமாகவே எடுப்பதில்லை, 31ஆம் நாள் துடக்குக் கழித்து வீடு கழுவியதும் எல்லாம் சரி என்றாகிவிடும். அது மனநோய்ப் பிரிவில் காட்டி மருந்து எடுக்க வேண்டிய வருத்தம், அதற்கும் மெடிக்கல் உண்டு. பிரசவத்தின் பின் முதல் நாலு வாரம் முதலாளி உங்களை வேலைக்கு எடுப்பதே சட்டப்படி குற்றம். 84 நாள் முடிந்தும் எழும்ப முடியாவிட்டால் மீண்டும் இரண்டாவது உண்டியலுக்குத்தான் போக வேண்டும், முன்னால் முழுவதையும் கரைத்திருந்தால் சம்பளம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஏழாம் மாதத்திலேயே நாலைந்து நாள் லீவை மிச்சம் பிடித்து வையுங்கள்.

அரச வேலையில் இருப்பவர்களுக்கு இவ்வளவு இழுபறி இல்லை: வருடத்துக்கு அமைய லீவு 21, ஓய்வு லீவு 24, ஆசிரியர்களுக்கு எல்லாம் சேர்த்து 41. பிரசவத்துக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தில், பிறகு வேண்டுமானால் 84 நாள் அரைச் சம்பளத்தில், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். யாழ்ப்பாணத்திலிருந்து நாலரை மணிக்கு எழும்பி வன்னிப் பாடசாலைக்கு வருகிற ரீச்சர்மாருக்கு அந்த 41 எவ்வளவு தூரம் வரும் என்பது வேறு கதை.

கூலிக்குப் போகிற பெண்களுக்கு, வயல், கச்சான் பிடுங்குவது, வீட்டுவேலை, இந்த லீவுகளில் ஒன்றும் கையில் வந்து சேர்வதில்லை என்பதுதான் உண்மை. நிரந்தரமாக ஒருவரிடமே வேலை செய்கிறவராக இருந்தால், நாள் கொப்பி ஒன்றில் வேலை செய்த திகதிகளைக் குறித்து வையுங்கள், 150 நாள் என்று காட்ட வேண்டி வந்தால் அது ஒன்றுதான் இருக்கும்.

பிரச்சினை வந்தால்

லீவைத் தவறாகக் கழித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு, தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், மெடிக்கல், லீவுப் படிவம், அறிவித்த செய்திகளின் படம் இவ்வளவும் கொண்டுபோங்கள். வேலையாலேயே நிறுத்திவிட்டால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், கைக்குழந்தையோடு ஆறு மாதம் எப்படிப் போனதென்றே தெரியாது, ஆகவே திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும், 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம். அதனால்தான் ‘நீங்களே ஒரு ராஜினாமாக் கடிதம் தாங்கோ, பிறகு திருப்பி எடுக்கிறம்’ என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

நான் தொழில் அலுவலகத்துக்குப் போனது பிள்ளைக்கு ஐம்பதாம் நாள். அம்மா பிள்ளையை வெளியில் வேப்பமர நிழலில் வைத்திருந்தார். உத்தியோகத்தர் என் டயக்னோசிஸ் கார்டையும் நான் கையெழுத்து வைத்த படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “கையெழுத்து வைச்சாலும் சட்டத்தில உள்ளதை விட்டுக்குடுக்க ஏலாது” என்றார். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போனது. மூன்று கிழமை கழித்து ஆண்டு லீவில் 11 நாள் கழித்ததாகவும் நான் திரும்ப வேண்டிய திகதி மாறியதாகவும் பதில் வந்தது. அந்தப் பதிலையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.